நூற்று எண்பது கிராம்

செல்லூர்க் கண்மாய்ப் பக்கம்
மைதீன் பாய் குடோனில்
மூட்டையைப் பிரித்தால் முதலில் வருவது வாசம்.
அந்துருண்டை, தைலம், பந்தி ரசம்,
யாரோ ஒருத்தரின் நீண்ட காய்ச்சல்.

பருத்தி தனி, பாலியஸ்டர் தனி.
சந்தேகம் வந்தால் ஒச்சம்மா
நூலொன்றை உருவித் தீக்குச்சி காட்டுவாள்.
சாம்பலானால் பருத்தி.
உருகிச் சொட்டி விரலைச் சுட்டால்
அது மாப்பிள்ளை வீட்டார் எடுத்த பட்டு.

கரைவேட்டியில் கரையை மட்டும் கிழித்துவிடுவோம்.
மூட்டை கட்ட அதைவிட நல்ல கயிறு இல்லை.
போன தேர்தலில் மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு கரையும்
எங்களிடம் ஒரே முடிச்சு.

நல்லதெல்லாம் விளக்குத்தூண் நடைபாதைக்கு.
நைந்த பருத்தி பட்டறைகளுக்கு.
மற்றது பானிபட் லாரிக்கு,
அரைத்துப் போர்வை நெய்கிறார்களாம்.
எதற்கும் ஆகாதது தலையணைக்குள்.
பித்தான்களுக்கு ஒரு பால்பவுடர் டப்பா.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்தச் சட்டை.
நீலக் கட்டம்.
மேலிருந்து நாலாவது பித்தானில் சிவப்பு நூல்.
வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு காலையில்
ஷிப்டுக்கு நேரமாச்சு என்று அவர் கத்தக் கத்த
நான்தான் தைத்தேன்.

அதையும் இன்னும் இரண்டையும்
பங்குனியில் பாத்திரக்காரனிடம் போட்டு
டீ வடிகட்டி வாங்கினேன்.
வில்லாபுரத்தில் போட்டது
எத்தனை வண்டி மாறியதோ,
என் மடியிலேயே வந்து விழுகிறது.

அந்த வடிகட்டியில் இறங்கிய டீயைக் குடித்துக்கொண்டே
"கட்டம் போட்ட சட்டைய எங்கடி வெச்ச" என்பார்.
"பீரோவுல பாருங்க" என்பேன்.

கேட்டிருந்தால் பாய் கொடுத்திருப்பார்.
தராசில் வைத்தேன். நூற்று எண்பது கிராம்.
கிலோவுக்கு மூன்று ரூபாய் கூலியில்
ஐம்பது காசும் சொச்சமும்.
காலரை வெட்டினேன்.
மடிப்பில் அவர் கழுத்து மஞ்சளாக இருந்தது.
பித்தான் டப்பாவில் விழுந்த சத்தம்
மற்றவற்றைப் போலத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
காளவாசலில் பஸ் நின்றுபோனது.
அடியில் கிடந்த மெக்கானிக்
நீலக் கட்டத்தில் கிரீஸைத் துடைத்தான்.
பை இருந்த துண்டு அது.
பையை நாங்கள் பிரிப்பதில்லை, நேரம் பிடிக்கும்.
கழற்றிய நட்டுகளை
ஒவ்வொன்றாய் அதற்குள் போட்டுக்கொண்டான்.

ஊரெல்லாம் போடுகிற கட்டம்,
அதுவாகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை.
ஆனாலும் பஸ் கிளம்பும்வரை
அந்தப் பையின் அடித்தையலையே
பார்த்துக்கொண்டு நின்றேன்,
நட்டு விழுந்துவிடக் கூடாதே என்று.