மூன்றாம் வளைவு

விசுவமடு ஓட்டத்திடலுக்கு
ஆக்கள் வர என்ன வேணும் என்று
சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள்.
பரிசைக் கூட்டினால்
குருநாகல் பெடியளும் வருவாங்கள் என்றார் தவபாலன்.
நல்ல ஒலிபெருக்கி, என்றது பின் வாங்கில்;
போனமுறை ஆர் வென்றதென்று
வென்றவனுக்கே தெரியாது.
பொம்பிளையளுக்குக் கக்கூஸ், என்றாள் கௌசிகா,
கதிரையை விட்டு எழும்பாமலே.
பிறகு கொஞ்ச நேரம்
காத்தாடிச் சத்தம் மட்டும்.

நான் பவுசர்காரன்.
தண்ணி அடிக்கிறவன் என்று பகிடி பண்ணுவார்கள்.
கூடினால் சேறு.
குறைந்தால், முன்னால் போகிறவனின் புழுதியைத்
தின்றுகொண்டு வருவான் பின்னால் வருகிறவன்.
கிறவல் எவ்வளவு குடிக்கும் என்று
என் உள்ளங்காலுக்குத் தெரியும்.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
மூன்றாம் வளைவில் வேலி ஒட்டி நிற்கிறது.
அதற்கு அங்கால்
சிவப்புத் தடி நட்ட காணி.
எங்கள் பெடியள் அவ்விடத்தில்
எல்லாருக்கும் முந்திப் பிறேக் பிடிக்கிறார்கள்.
வெளியூரான் சிரிக்கிறான்.

ஆவணியில் தடி பிடுங்கினார்கள்.
முழங்காலில் நின்று
சாண் சாணாய் மண்ணைக் கேட்ட அணியில்
கௌசிகாவும் இருந்தாள்.
வேலியை அறுபது அடி தள்ளிப் போட்டோம்.

அடுத்த ஓட்டத்தில் நிரோஜன்
குறைக்காமலே திரும்பினான்.
வழுக்கியது.
மோட்டச்சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்,
பழைய வேலிக் குழிகளைத் தாண்டி
உருண்டு உருண்டு போய்
எழும்பி, காற்சட்டையைத் தட்டினான்.

சனம் அப்படிக் கத்தி
நான் கேட்டதில்லை.

வென்றது குருநாகல் பெடியன்.
கக்கூஸ் இன்னும் கட்டவில்லை.