கந்தோர் விலாசம்

படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
வேலை செய்யும் கந்தோரின் விலாசம்.
"அதை வெறுமையா விடேலாது, அக்கா" என்கிறார்
வங்கித் தம்பி, சட்டையில் மயூரதன் என்று பெயர்.
கார்த்திகை மழைக்குள் வந்து
கூரைக்குச் சோலர் போடக் கடன் கேட்கிறவள்
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எதை எழுத?
கொக்குவிலில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
அரிசி வாளிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை.
ஒரு கால் குட்டை, மட்டை மடித்து வைத்திருக்கிறேன்.
பதினொரு பேர், ஏழு நாடு, கதவென்று ஒன்றில்லை.
எல்லாரையும் தோள்வரைக்கும் தெரியும்.
ஒட்டியேனோ நெட்டையா கட்டையா
மூன்று வருஷமாய்த் தெரியாது.

சேர்ந்த முதல் மாதம்
மூட மறந்த மைக்கில்
மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.
மன்னிக்கவும் என்றேன். பிறகு இன்னொரு தரம்.
ஹெல்சிங்கியிலிருந்து மார்யா கேட்டா: என்ன மீன்?
விளைமீன். அதற்கு என் ஆங்கிலத்தில் பெயர் இல்லை.
குழம்புக்குப் பழப்புளி எவ்வளவு என்ற பேச்சில்
கூட்டம் கால் மணித்தியாலம் பிந்தியது.
இப்போதும் நான் கனநேரம் வாய் திறக்காவிட்டால்
நைரோபியிலிருந்து ஒருவர்
பாம் பாம் என்பார்.

இதற்கு முதல், ஸ்ரான்லி வீதியில் ஒரு லீசிங் கம்பனி.
விரல் வைத்தால்தான் கதவு திறக்கும்.
எட்டு முப்பத்தொன்று என்றால் அரைநாள் சம்பளம் போச்சு.
ஒரு வெள்ளிக்கிழமை வைத்தேன், திறக்கவில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும்
குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.
வேலை இல்லை என்பதை
அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள்.

போன மார்கழி மகனுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரி. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம்.
வர ஏலாது என்று இரண்டு வரி அனுப்பிவிட்டு
அன்றிரவே, விறாந்தை வாங்கிலில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
கடவுச்சொல் பிழை என்றது.
இன்னொரு தரம். பிழை.
விரலைச் சட்டையில் துடைத்தேன்.
ஏன் துடைத்தேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

போனில் ஏற்கெனவே கிடந்தது மார்யாவின் செய்தி:
உன் கதவை நான்தான் பூட்டினேன்.
பூட்டாவிட்டால் நீ வருவாய்.
பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு சொல்லு, திறக்கிறேன்.
சம்பளம் அது பாட்டுக்கு வரும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.
ஆரைக் கேட்டுப் பூட்டினவ?
அன்பென்றாலும் திறப்பு அவவின் கையில்தானே.
இதை அவவுக்குச் சொல்லவும் செய்தேன், பிந்தி, மாசியில்.
ஓம், அது சரி,
அடுத்தமுறை கேட்டுவிட்டுப் பூட்டுகிறேன் என்றா.
அன்றிரவு ஒரு மீன் பணிஸைத் தின்றுவிட்டு
கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து
புரளாமல் நித்திரைகொண்டேன்.
விடிய நாற்பத்தோராயிரம்.

குறை இல்லையென்றில்லை.
மத்தியானத்தில் பார்சலைப் பிரித்து
இந்தா ஒரு வாய் என்று நீட்ட ஆருமில்லை.
பக்கத்து வீட்டுத் தவமலர் இன்றைக்கும் கேட்பா:
"சும்மா தானே இருக்கிறீர்,
காஸ்காரன் வந்தால் சிலிண்டரை எடுத்து வைக்கிறீரே?"
எடுத்து வைப்பேன்.

ஒன்பதாம் கட்டத்தில் வீட்டு விலாசத்தை எழுதுகிறேன்.
மூன்றாம் கட்டத்திலும் அதுதான்.
தம்பி இரண்டையும் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
"மேலதிகாரியின்ரை நம்பர் இருக்கோ?
ஒருக்கா எடுத்து உறுதிப்படுத்த வேணும்."
சுவரில் பத்தரை.
அங்கே ஏழு, இன்னும் இருட்டு,
நாயை நடத்திக்கொண்டு போகிற நேரம்.
ஸ்ரான்லி வீதிக்காரி என்றால்
பின்னேரம் எடுங்கோ, கும்பிட்டன் என்றிருப்பாள்.

"எடுங்கோ" என்கிறேன்.
"என்ன மீன் எண்டு கேட்டாலும் பயப்பிடாதேங்கோ."