மூன்றாவது தட்டு

நாடகத்தில் அவன் வரவே மாட்டான்.
கதவைத் தட்டுவான், அவ்வளவுதான்.
அந்தத் தட்டு நான்.

அரப்பாளையம் யூனியன் ஹால், எண்பது பிளாஸ்டிக் நாற்காலி.
மேடையில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதவு.
கதவு மட்டும் நிஜம்:
தெப்பக்குளம் பக்கம் இடித்த வீட்டில்
முந்நூறு ரூபாய்க்குப் பேசி
தள்ளுவண்டியில் கொண்டுவந்தது.

எழுதியவர் மின்வாரிய ராஜாங்கம்.
ஏழு வருஷம் கழித்துத் திரும்பும் புருஷன்.
திறக்கலாமா என்று ஒன்றரை மணி நேரம்
மடித்த துணியையே மடிக்கும் அமலோற்பவம்.
முதல் தட்டு விரல் முட்டியால்.
இரண்டாவது உள்ளங்கையால்.
மூன்றாவதுக்கு ராஜாங்கம் எழுதியிருந்தது:
'திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பவன் தட்டுவது.'
அதற்கே எனக்குப் பதினோரு ஒத்திகை.
அந்தத் தட்டோடு விளக்கு அணையும்.
திறந்தாளா இல்லையா என்று கேட்டு ஒருத்தர்
டீக்கடை வரை பின்னாலேயே வந்தார்.

படமாக வாங்கியவர்கள் நல்லவர்கள்தான்.
கொடுத்த செக் பாஸானது,
ராஜாங்கம் மகளுக்கு ஸ்கூட்டி வந்தது.
"ஒரே ரூமுக்குள்ள எப்படி சார் ரெண்டு மணி நேரம்?"
அறையை வெளியே அனுப்பினார்கள்.
காமிரா யானைமலை மேல் பறந்தது.
மாட்டுத்தாவணியில் அவன் பஸ்ஸைவிட்டு இறங்கினான்,
புதுச்செருப்புக் கால்தான் முதலில்.
ஏழு வருஷம் எங்கே இருந்தான் என்பதற்குத்
துபாயில் ஒரு பாட்டு.
ஏன் போனான் என்பதற்கு ஒரு வில்லன்.
நாங்கள் அதைக் கேட்டதேயில்லை.

கதவு தேக்கு, பித்தளை வளையம்.
(பழையது இப்போது ராஜாங்கம் வீட்டு
மாடிக் குளியலறையில். தாழ்ப்பாள் மட்டும் புதுசு.)
தட்டியது நானில்லை.
எங்கோ ஏசி அறையில் செய்த சத்தம்,
சீட்டுக்கடியில் அதிர்ந்தது.

அப்போது திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகம்.
கீழிமை ஒரு நூலளவு துடித்தது.
வேறெதுவும் அசையவில்லை.

நாற்பத்திரண்டு காட்சி தட்டியிருக்கிறேன்,
கதவுக்குப் பின்னால்
ஒரு டார்ச்சும் கொசுவத்தியுமாக.
தட்டினால் ஒரு முகம் என்ன ஆகும் என்று
ஒரு நாளும் பார்த்ததில்லை.
கடைசி வரிசைக்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாவது தட்டுக்கு முன்னாலேயே
அவள் ஓடிவந்து திறந்துவிட்டாள். மழை.
பக்கத்து சீட்டில் விசில்.
நானும் கைதட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்;
கைக்கு எதையாவது தட்ட வேண்டியிருந்தது.

வெளியே வந்து ஸ்டாண்டு எடுக்கையில் போன்.
அமலோற்பவம், ஆஸ்பத்திரி நைட் டூட்டியிலிருந்து.
"திறந்துட்டாளா?"
"திறந்துட்டா."
ஏதோ டிரே வைக்கும் சத்தம்.
"ஆளு எப்படி இருக்கான்?"
"உயரம். நல்ல கலரு. தாடி வச்சிருக்கான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்ப அது வேற யாரோய்யா," என்றாள்.
"வையி, வார்டுல கூப்பிடுறாங்க."