கேட் போட்டாச்சு

குப்பி சூடாக இருக்கிறது.
சூடு என்னுடையதுதான்.
ஜாக்கெட்டுக்குள், இடது கக்கத்தை ஒட்டி,
தியாகேசன், வயது 34, க/பெ செங்கமலம் என்று
லேபிளில் தப்பாக எழுதிக் கொடுத்ததை
யாரும் திருத்தவில்லை.

நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் வரணும்,
உடம்புச் சூட்டோடயே வரணும்.
மன்னார்குடி லேப்பில் அந்தப் பெண்
பால் வாங்கி வரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டாச்சு.

முன்னால் ஒரு மினி பஸ், வைக்கோல் டிராக்டர்,
ஹெல்மெட்டைக் கழற்றிப் பல் குத்தும் ஒருவர்.
இவர் வண்டியை அணைக்கவே இல்லை.

காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.
அடுப்படியில் நான் வேண்டுமென்றே பாத்திரம் உருட்டினேன்.
மாமனாருக்கு டிவியைச் சத்தமாக வைத்தேன்.
அரைமணி கழித்து வந்து
கள்ளநோட்டை நீட்டுவதுபோல நீட்டினார்.
எட்டு பத்து.

கூட்ஸ் வருகிறது. நெல் கூட்ஸ்.
தை பிறந்ததிலிருந்து நான் பார்த்து அனுப்பிய நெல்லாகவும் இருக்கலாம்.
முன்னே போகிறது, நிற்கிறது,
எதையோ மறந்ததுபோல் பின்னே வருகிறது.
பதினான்கு வேகன். பதினைந்து.

கொள்முதல் நிலையத்தில் என் கையில் ஈரப்பதமானி.
ஒரு பிடி நெல்லை அதன் வாயில் போட்டு
எண்ணைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.
பதினேழுக்கு மேலே போனால்
ரோட்டுல கொட்டிக் காயவச்சு எடுத்துட்டு வாங்க.
பதினேழு புள்ளி நாலுதானே, பாத்துப் போடுங்க என்பார்கள்,
பனியில் மூட்டைமேல் இரவெல்லாம் படுத்துக் கிடந்தவர்கள்.
பார்த்துப் போட்டதில்லை.
முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகியிருந்தேன்.

போன வாரம் டாக்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:
ஏ.எம்.ஹெச். ஒன்று புள்ளி ஒன்று.
தைராய்டு பரவாயில்லை.
எட்டாம் நாள் மருந்து செலுத்திக் குழாயைப் படமெடுக்கணும்,
அதுக்கு முன்னாடி சாரோட ரிப்போர்ட்.
அப்புறம் மாத்திரை, ஊசி, ஐ.யு.ஐ.,
ஆகலேன்னா தஞ்சாவூர்.
தாளில் அம்பு அம்பாகப் போட்டுக்கொண்டே போனார்.
கடைசி அம்புக்குக் கீழே ஒரு தொகை.
நாங்கள் இரண்டு பேரும்
அம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு போகிறார்.
கேட் திறக்கவில்லை.
எதிரே பாசஞ்சர் வருதாம்.

யாரோ தோளருகில்:
“அக்கா, நாளைக்கு டோக்கன் உண்டா?”
தலையாட்டினேன்.
“கை ஏன் ஒருமாதிரி ஒடுக்கி வச்சிருக்கீங்க, கக்கத்துல கட்டியா?”
“ஆமா, கட்டி.”
“மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடுங்க.”
இவர் முதுகு குலுங்குகிறது.
சிரிப்பா, இல்லையா,
கண்ணாடியில் தெரிவது நெற்றி மட்டும்.

கோரையாற்றுப் பாலம், அப்புறம் பாமணி ஓரமாகவே ரோடு.
எழுபதில் போனார், எந்த நாளிலும் போகாதவர்.

லேப்பின் சுவரில் ஒன்பது ஐந்து.
“எத்தனை மணிக்கு எடுத்தது?”
“எட்டரை” என்றேன்.
வாழ்க்கையில் முதல் தடவையாக
பதினேழு புள்ளி நாலைப் பதினேழு என்றேன்.

அவள் பேனா ‘எ’ போட்டுவிட்டது.

“எட்டு பத்தும்மா” என்றார் தியாகேசன்,
மேஜையைப் பார்த்தபடி.

“அப்ப இது வேணாம் சார். திங்கக்கிழமை புதுசா குடுங்க.
மூணு நாள் சேராம இருந்துட்டு வாங்க.”
மூடியைக்கூடத் திறக்காமல்
சிவப்பு வாளியில் போட்டாள்.
நான் கொண்டுவந்த சூடு
அதற்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.

திரும்புகையில் கேட் திறந்தே கிடந்தது.
இருந்தும் ஓரங்கட்டினார்.
பத்து ரூபாய்க்கு வறுத்த கடலை, இரண்டு பொட்டலம்.
என்னைத் திட்டுவார் என்றிருந்தேன்.
நானும் திட்டுவதற்கு ஒன்று வைத்திருந்தேன்.

கடலை நமத்துப் போயிருந்தது.
“பதினேழுக்கு மேல” என்றேன்.
மென்றுகொண்டே இருந்தவர்
வண்டியை உதைக்கும்போது சொன்னார்,
அப்படியே என் குரலில்:
“ரோட்டுல கொட்டிக் காயவச்சு எடுத்துட்டு வாங்க.”