ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மண்டல அலுவலகம் அனுப்பிய படிவம் கேட்கிறது:
ஊரின் பெயர். தோன்றிய ஆண்டு.
பொதுச் சேவைகள்.
சிறப்புகள், ஏதேனும் இருப்பின்.
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

பெயர் பினாங்கு லைன்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே
உயிர் பிழைத்து இடப்பக்கம் ஒடித்தால்
ஏழு தெரு.
பினாங்கிலிருந்து கப்பலேறித் திரும்பிய
நாற்பது குடும்பத்துக்கு விட்ட இடம் என்கிறார் தேசப்பன்.
அட போய்யா,
பினாங்குக்குப் போகக் கப்பல் பார்த்து உட்கார்ந்தவங்க
அப்படியே உட்கார்ந்துட்ட இடம் என்கிறார் காதர் மொய்தீன்.
ரப்பர் மரத்தை இங்கே எவரும் பார்த்ததில்லை.
ஆனால் ரேஷன் கடை முனிரத்தினம்
முதல் தெருவை இன்னும்
'லயம்' என்றுதான் பில்லில் எழுதுகிறான்.

ஆண்டு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தாண்டிப் போனேன்.

தபால் நிலையம் உண்டு. தராசும் உண்டு.
எடைக்கல் ஒன்று குறைவு.
பஸ் உண்டு, கட் சர்வீஸ்.
எங்கே கட் என்பது டிரைவரைப் பொறுத்தது.
நூலகம் மாலை நான்கு முதல் ஏழரை.
மின்விசிறி ஓடும் ஒரே அரசு அறை,
ஆகவே வாசகர் அதிகம்.
மின்சாரம்: புகைபோக்கிகள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.
பட்டணத்துக்கே கரண்ட் இந்தப் பக்கமிருந்துதான்.
நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் இல்லை.

சுகாதார நிலையம்
செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு,
மீதி நாளெல்லாம் இருமலுக்கு.
நர்ஸ் ரெஜினா தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்.
மேலிடம் கேட்டதல்ல, கோடு போட்டதும் அவரே:
பெயர், வயது, எத்தனை நாளாக,
கடைசிக் கட்டத்தில்
அன்று காற்று எந்தப் பக்கம்.

ஆண்டுக்காகப் பதிவறையைக் கிளறினேன்.
கோணியில் கட்டிய கோப்புகள். கரப்பான் முட்டை.
பட்டா இல்லை. வரைபடம் இல்லை.
எந்த மந்திரியும் திறந்து வைத்த கல்லும் இல்லை.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனு,
1958, ஆகஸ்ட்.

'சமுகம் கமிஷனர் துரையவர்களுக்கு
பினாங்கு லைன் வாசிகள் எழுதிக்கொண்டது.
குழாய் வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது.
குழாயை மட்டும் வைத்தீர்கள்.'

கீழே சூசையம்மாள், நாகபூஷணம்,
கோணலாய் ஒரு எல்லம்மா,
முப்பத்திரண்டு கட்டைவிரல் ரேகை.
அவற்றுக்கு நடுவில்
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒருவர்,
கூரையும் கழியுமாய் மூன்று சித்திரம்.
செல்லில் படமெடுத்துக் காட்டினேன்.
சீன எழுத்து! பாத்தியா, நான் சொன்னேன்ல என்றார் தேசப்பன்.
காதர் மொய்தீன் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்,
டீக்குக் காசு கொடுத்தார்.
அந்த ஆள் யார், யார் வீட்டு மனுஷி அல்லது மனுஷன்,
இருவருக்கும் தெரியவில்லை.

மனுவின் ஓரத்தில் சிவப்பு மசியில் பதில்:
'இப்பெயரில் ஊர் ஏதும்
நமது பதிவேட்டில் இல்லை.'
அதற்கு அடுத்த தாள்
மறு வருஷம் எழுதிய அதே மனு.
இந்த முறை ரேகைகள் ஐம்பத்தொன்று.

தோன்றிய ஆண்டு 1958 என்று எழுதிவிட்டேன்.
ஆதாரம் கேட்டால் இணைப்பு ஒன்று.
குடிநீர் என்ற கட்டத்தில்
'லாரி, ஒன்று விட்டு ஒரு நாள்' என்று போட்டதில்
பக்கம் முடிந்துவிட்டது.
சிறப்புகளுக்கு இடமில்லை.

பின்பக்கம் எழுதக் கூடாது என்று
படிவத்தில் எங்கும் சொல்லவில்லை.
ரெஜினாவிடம் நோட்டை இரவல் வாங்கி
நான்கு பக்கம் நகலெடுத்து ஒட்டினேன்.
கடைசிக் கட்டத்தில் மேற்கு, மேற்கு, மேற்கு,
ஒரு வியாழன் மட்டும் கிழக்கு,
அன்று யாரும் வரவில்லை.

பசை காய்வதற்குள் ஹாரன்.
டோக்கன் கட்டு என் மேஜையில்தான் இருக்கிறது.
குடங்கள் எனக்கு முன்னால்
வரிசைக்குப் போய்விட்டன.