ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து

ஸ்ரீராமபுரம், நாலாவது குறுக்குத் தெரு,
மாவு மிஷினுக்கு மேல்மாடி.
மிஷின் ஓடும்வரை மேஜை நடுங்கும்.
ஆகவே ராத்திரி பத்துக்கு மேல்தான்
ஜப்பானியப் பெண்கள் என் வீட்டுக்கு வருவார்கள்.

கறுப்பு வெள்ளையில் ஐந்து பேர்.
டோக்கியோ, அறுபத்தொன்பது, மழை.
ஒருத்தி பல்லிடுக்கில் பிளேடு வைத்திருக்கிறாள்.
ஒருத்தி போலீஸ்காரனின் தொப்பியில்
சிகரெட் சாம்பலைத் தட்டுகிறாள்.
எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு,
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, மொத்தம் இரண்டு வரி,
படித்து முடிக்குமுன் அழிந்துவிட வேண்டும்.
நிமிஷத்துக்கு அறுபது ரூபாய்.

தலைவியை ஒருவன் ஒரு வார்த்தை சொல்லித் திட்டுகிறான்.
ஆங்கிலம் அதைக் கழுவித் துடைத்து
'கட்டுப்படாதவள்' என்று வைத்திருந்தது.
நான் அடங்காப்பிடாரி என்று போட்டேன்.
பிடாரி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறாள்,
ஆடியில் கூழ் குடிக்கிறாள்.
அவளை அடங்கச் சொல்லி யாரும் நான் பார்த்ததில்லை.
வீட்டுக்குள் இருந்தால்தான் அது வசவு.

படம் போடும் கிளப் தொம்மலூரில், ஒரு பேஸ்மென்ட்.
ஒரு வாரம் கன்னடம், ஒரு வாரம் தமிழ்.
நிரஞ்சன் ஹெக்டே போனில் சொன்னார்:
"முப்பத்தெட்டாவது நிமிஷத்தைக் கவனியுங்கள்,
உடம்பே கலகம் செய்யும் இடம்."
கவனித்தேன்.
ஐந்து பேரும் மழையில் ஓடுகிறார்கள்.
சட்டை ஒட்டுகிறது.
கேமரா குனிகிறது.
அவர்கள் நிற்காமல் ஓடுகிறார்கள்,
குனிந்தது குனிந்தபடியே கூட ஓடுகிறது.
இதில் கலகம் யாருடையது, ஹெக்டே?
கேட்கவில்லை. போன மாத பில் பாக்கி.

முடிவில் பெயர்கள் ஏறுகின்றன.
ஒரு தடவை ஹாரன் அடித்த டாக்சிக்காரனுக்கும் பெயர் உண்டு.
பெண்கள்: பிளேடு வைத்தவள், பச்சை குத்தியவள்,
மதுக்கடைப் பெண் ஒன்று, மதுக்கடைப் பெண் இரண்டு.

இரண்டாமவளை எனக்குத் தெரியும்.
ஐம்பத்தொன்றாவது நிமிஷம், சண்டைக்குப் பின்னால்,
டம்ளர் கழுவுகிறாள்.
முன்னால் மேஜைகள் உடைகின்றன.
கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுகிறாள்,
எத்தனையாவது டேக்கோ.
ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி
நேராக லென்ஸைப் பார்க்கிறாள்.
வசனம் கிடையாது.
வசனம் இல்லாத இடத்துக்கு எனக்குக் காசும் கிடையாது.

எழுதினேன்:
இன்னும் எவ்வளவு நேரம்?

பன்னிரண்டே எழுத்து.
மீதி முப்பதை அவளுக்கே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை. எழுபது நாற்காலி, நாற்பது பேர்.
மழைக்கு ஒருவன் விசில் அடித்தான்.
என் வரி வந்தபோது ஹெக்டே
வாசலில் யாரிடமோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.
கடைசி வரிசையில் ஒரு பெண்குரல்
பக்கென்று சிரித்து, சட்டென்று நின்றது.
நான் திரும்பவில்லை.

இந்திராநகரில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினேன்.
எதிர் ஜன்னல் கண்ணாடியில் என் முகம்.
அடுத்த நிலையத்தின் பெயர்
இடவலம் மாறிய கன்னடத்தில்
நெற்றிக்கு மேலே ஓடியது, இடம் தவறிப்போன வசனம்போல.
படிக்கப் பார்த்தேன்.
அதற்குள் கதவு திறந்துவிட்டது.