நாய்க்கால்

படகின் வாய் திறந்ததும்
யோஸ்டெய்ன் கையசைத்தான்: வா, வா, நீ முதலில்.
எனக்கு முன்னால் நின்ற ஆரஞ்சு நிறப் போர்ஷே
உறுமியது,
புறப்பட்டது,
என்னை நோக்கி.

பெரிய விபத்து ஒன்றுமில்லை. ஒரு முட்டு.
ஆனால் நான் ஓட்டுவது முட்டை வண்டி.
பின்னால் தட்டுத் தட்டாக மூவாயிரம்
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
பிறகு பேச்சு முடிந்துவிட்ட சத்தம்.

இறங்கி வந்தவன் பெயர் ஹல்வார்.
பல் மருத்துவன். வண்டி வாங்கி மூன்று மணி நேரம்.
"முதல் கியர்தான் போட்டேன்" என்றான்,
போட்ட இடத்தைக் காற்றில் வரைந்து காட்டி:
இடது, மேலே.
எனக்கும் உங்களுக்கும் அங்கேதான் முதல் கியர்.
அறுபத்தொன்பதில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த அந்த வண்டிக்கு
அங்கே ரிவர்ஸ்.
மலைப்பாதை முழுக்கச் சரியாகத்தான் வந்தானாம்.
படகில் இருபது நிமிடம், ஒரு காபி;
அதற்குள் கைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது.

அப்படியானால் முதல் எங்கே?
இடது, கீழே. மூலையில்,
கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த துடைப்பம்போல.
நாய்க்கால் என்று பேராம்.
பின்னங்கால் மடங்குகிற மாதிரி கோடு மடங்குகிறதாம்.
வால்தான் நிமிராது என்பார்கள்; காலுமா?
குமிழில் வரைபடம் இருந்திருக்க வேண்டும்.
யாரோ ஒருவருடைய உள்ளங்கை
ஐம்பது வருடமாக அதைத் தின்று தீர்த்திருந்தது.

ஏன் இப்படி என்றேன்.
இன்சூரன்ஸ் தாளைத் தேடிக்கொண்டே சொன்னான்:
பந்தயத்தில் முதல் கியர் ஒரே ஒருமுறைதான்,
கொடி அசையும்போது.
அப்புறம் இரண்டும் மூன்றும், மூன்றும் இரண்டும்,
வளைவுக்கு வளைவு.
ஆகவே அவை ஒரே நேர்க்கோட்டில், எதிரெதிரே,
சாப்பாட்டு மேசையில் புருஷன் பெண்டாட்டிபோல.

ஒரே ஒருமுறை.

மஞ்சள் கரு சொட்டும் என் வண்டியைப் பார்த்தேன்.
தினமும் பதினோரு கடை, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு சிறைச்சாலை.
நிறுத்தி, இறக்கி, கையெழுத்து வாங்கி
மறுபடி முதல்.
என் ஆயுளில் பாதி முதல் கியரில்தான் போயிருக்கும்.
நிற்க வேண்டிய தேவையே இல்லாதவர்களை மனதில் வைத்து
யாரோ போட்ட கோடு இது.
கோபம் வந்தது. கூடவே, சொன்னால் என்ன,
அதைப் போட்டுப் பார்க்கும் ஆசையும்.

யோஸ்டெய்ன் கத்தினான். பின்னால் பதினெட்டு வண்டி,
அதில் ஒன்று செம்மறியாடு ஏற்றிய லாரி.
ஹல்வாருக்குக் கை நடுங்கியது,
ஊசி போடும் கை.
சாவியை என்னிடம் நீட்டினான்.
ஏன் என்னிடம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

தரையோடு தரையாக உட்கார்ந்தேன்.
கிளட்ச். இடது.
கை தானாக மேலே போகப் பார்த்தது;
முப்பது வருடக் கை.
அடுப்பை நோக்கித் தவழும் பிள்ளையை இழுப்பதுபோல
அதைக் கீழே இழுத்தேன்.
டக்.
எஞ்சின் முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ள
ஃபியோர்டின் வெளிச்சத்துக்குள்
முன்னோக்கி, ஆமாம், முன்னோக்கியேதான்
அறுபது மீட்டர்.

மேலே தள்ளி, வலப்பக்கம் மடங்கி, மறுபடி மேலே,
இரண்டாவதுக்குப் போக ஆசைதான்.
துறை முடிந்துவிட்டது.
கோடு போட்டவர்கள் நினைத்தபடியே
முதல் கியரை ஒரே ஒருமுறை போட்டுவிட்டு
சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
நஷ்டத்துக்கு அவன் எழுதித் தந்த எண்ணில்
ஒரு பூஜ்யம் கூடுதலாக இருந்தது. நான் திருத்தவில்லை.

நடந்து வந்து என் வண்டியில் ஏறினேன்.
செருப்படியில் பிசுபிசுப்பு.
யோஸ்டெய்ன் கையசைத்தான்: வா, வா.
கிளட்ச். இடது.
கீழே.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி
அணைந்துபோனது.
லாரியில் ஆடுகள் எல்லாம்
ஒரே குரலில் ஏதோ சொல்லின.